யார் வீட்டுப் பிள்ளைக்குத் தறி?

ஐப்பசி பிறந்தால் ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவுக்கு மேற்கே மும்பை நெடுஞ்சாலையில் பருத்தி வண்டிகள் ஓடத் தொடங்கும். சங்காரெட்டி, சதாசிவபேட்டை, ஜோகிப்பேட்டை என்று அந்தப் பக்கம் நெடுகக் கரிசல். கரிசல் உள்ள இடமெல்லாம் பருத்தி. டிராக்டரில் அம்பாரமாகக் கட்டிய பொதியிலிருந்து பிய்ந்து பறக்கிற பஞ்சு சாலையோர முள்ளில் சிக்கித் தொங்கும். அதே சாலையில்தான் பள்ளி வேன்களும் போகின்றன. உள்ளே இருக்கும் பிள்ளைகளின் மேல் பாலியெஸ்டர் கலந்த சீருடை. வெளியே பறக்கும் பஞ்சுக்கும் மேலே போட்டிருக்கும் துணிக்கும் நடுவில் என்னவெல்லாம் நடக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

2022 வரை என்சிஇஆர்டி பாடப்புத்தகம் கொஞ்சம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பு அறிவியலில் பருத்தி, சணல், நூற்பு, நெசவு. ஏழாம் வகுப்பில் கம்பளியும் பட்டும். எட்டாம் வகுப்பில் நைலான் முதலிய செயற்கை இழைகள். கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று கத்தரி எடுத்தார்கள். மூன்று வகுப்புகளின் மூன்று பாடங்களும் ஒரே வெட்டில் போயின. காந்தம் தங்கியது, ஒளி தங்கியது, மின்சாரம் தங்கியது. உடுத்தும் துணி தங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு இரண்டே ஆண்டு முன்புதான் 2020 தேசியக் கல்விக் கொள்கை கைவேலையின் பெருமையைப் பாடியிருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் பிள்ளைகள் உள்ளூர்த் தொழிலாளிகளிடம் போய்ப் பழக வேண்டும் என்றது. தச்சு, மின்வேலை, உலோக வேலை, தோட்டம், மண்பாண்டம் என்று எடுத்துக்காட்டுகளையும் அடுக்கியது. அந்த வரிசையில் தறி இல்லை. ‘முதலியன’வில் அடங்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளியில் நூலும் தறியும் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால், அதைத் தமிழில் எழுதும்போது வாசகர் மனதில் சட்டென்று ஒரு சொல் வந்து நிற்கும்: குலக்கல்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

வார்தாவும் சென்னையும்

ஹைதராபாத்தில் 1897-ல் பிறந்தவர் ஜாகிர் உசேன். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானதால் அவருடைய பழைய வேலை ஒன்று பலருக்கு மறந்துவிட்டது. 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் காந்தி ஒரு கல்வி மாநாடு கூட்டினார். பள்ளிப் படிப்பு ஒரு கைத்தொழிலை மையமாக வைத்துச் சுழல வேண்டும் என்பது அவர் யோசனை. அதற்குப் பாடத்திட்டம் எழுதிய குழுவுக்கு ஜாகிர் உசேன் தலைவர். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அதில் ஓர் உறுப்பினர். இலங்கைத் தமிழரான இ.டபிள்யூ. ஆரியநாயகம் அதன் அமைப்பாளர். ஆரியநாயகம் சாந்திநிகேதனில் தாகூரோடு இருந்துவிட்டு வந்தவர். பின்னர் மனைவி ஆஷாதேவியோடு சேவாகிராமத்திலேயே தங்கி அந்தக் கல்வியை நடத்தினார்.

குழு போட்ட கால அட்டவணையைப் பார்த்தால் இன்றைய தலைமையாசிரியருக்கு மயக்கம் வரும். ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து இன்னொரு 40 நிமிடம். கணக்கைக் குறைத்துவிட்டார்கள் என்று தோன்றும். நூல் நூற்கும்போதே கணக்கு வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறில்லை, பின்னால் வருகிறேன்.

தவறு வேறிடத்தில் இருந்தது. பிள்ளைகள் நூற்ற நூலை விற்று ஆசிரியர் சம்பளத்தைக் கட்டிவிடலாம் என்று காந்தி எண்ணினார். பேராசிரியர் கே.டி. ஷா இதை மாநாட்டிலேயே எதிர்த்தார். பிள்ளையின் கையிலிருந்து வருமானத்தை எதிர்பார்க்கத் தொடங்கிய நிமிடமே பள்ளிக்கூடம் பட்டறையாகிவிடும். நடைமுறையிலும் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஏழு வயதுக் குழந்தை நூற்பது ஓரிடத்தில் கயிறு, ஓரிடத்தில் மயிர் என்றுதான் இருக்கும். அதை எவர் வாங்குவார்? இந்தத் திட்டப்படி நடந்த ஆதாரப் பள்ளிகள் ஏழைப் பிள்ளைக்கு என்றும், மற்றப் பள்ளிகள் வசதியுள்ள பிள்ளைக்கு என்றும் பிரிந்தன. நூல் நூற்கத் தக்ளி சுற்றிய தலைமுறை தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. ‘கைத்தொழில் பீரியட்’ என்றால் அவர்கள் முகத்தில் வருவது சிரிப்பு.

குலக்கல்வி என்று பெயர் வாங்கியது 1953-ல் வந்த வேறு கதை. சென்னை மாநில முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளில் மூன்று மணி நேரம் மட்டும் படிப்பு. மீதி நேரம் வீட்டுக்குப் போய் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். செலவு கூடாமல் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் தெருவில் இறங்கினார்கள், காங்கிரசுக்குள்ளேயே புகைந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் போனது.

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது நம் வழக்கம். வார்தாத் திட்டம் அக்கிரகாரத்துப் பிள்ளை கையிலும் தக்ளியைக் கொடுத்தது. சொல்லிக்கொடுக்க ஆசிரியரை வைத்தது. அது நடந்த இடம் பள்ளிக்கூடம். சென்னைத் திட்டம் பிள்ளையைப் பள்ளியைவிட்டு வெளியே அனுப்பியது. நெசவாளி மகன் தறிக்கு, வண்ணார் மகன் துறைக்கு, வக்கீல் மகன் வக்கீல் வீட்டுக்கு. முன்னதில் கைவேலை ஒரு பாடம். பின்னதில் அது பிறப்புச் சான்றிதழ். பள்ளியில் தறி வைக்கலாமா என்ற கேள்விக்கு விடை, யார் வீட்டுப் பிள்ளை அதில் உட்காரப் போகிறது என்பதில்தான் இருக்கிறது.

தறிக்கூடத்தை ஒட்டி ஒரு பள்ளி

பட்டான்செருவிலிருந்து நகரத்தை நோக்கிச் சுமார் 20 கி.மீ. வந்தால் ராயதுர்கம். கண்ணாடிக் கோபுரங்களாக நிமிர்ந்து நிற்கிற ஐடி வட்டாரம். அதற்கு நடுவே சுரையா ஹசன் போஸ் தம் தறிக்கூடத்தை நடத்தினார். 1928-ல் பிறந்து 2021-ல் மறைந்தவர். மறைந்துகொண்டிருந்த ஹிம்ரூ, மஷ்ரூ துணிகளை மீண்டும் தறியேற்றியவர் என்று ஜவுளி உலகம் அவரைக் கொண்டாடுகிறது. எனக்கு அவரிடம் பிடித்தது, யாரை நெய்ய வைத்தார் என்பது. கணவரை இழந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மூத்த நெசவாளரைக் கொண்டு பழக்கினார். பரம்பரைத் தொழில் இல்லை, பிறந்த குலம் இல்லை, உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். ஹிம்ரூ எளிய நெசவும் இல்லை.

தறிக்கூடத்தை ஒட்டியே ஒரு பள்ளியையும் தொடங்கினார்: சஃப்ரானி நினைவுப் பள்ளி. நேதாஜியோடு 1943-ல் நீர்மூழ்கிக் கப்பலில் பயணம் செய்தவரும், ‘ஜெய்ஹிந்த்’ முழக்கத்தைத் தந்தவர் என்று சொல்லப்படுபவருமான ஆபித் ஹசன் சஃப்ரானியின் பெயரில். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலவழிப் படிப்பு. தாய் தறியில், பிள்ளை வகுப்பில். தொழிலை இவ்வளவு நேசித்த ஒருவர் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தார் என்பதை நெசவைக் காப்பாற்றுங்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் நின்று யோசிக்கலாம்.

ஏனென்றால், நெசவாளர் வீடுகள் என்றோ முடிவெடுத்துவிட்டன. 2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 43.31 லட்சம் பேர். 2019-20-ல் 35.22 லட்சம். பத்து ஆண்டில் எட்டு லட்சம் பேர் எழுந்து போயிருக்கிறார்கள். போனவர்களைக் குறை சொல்ல எந்த நியாயமும் இல்லை.

தெலங்கானாவில் இந்தப் பேச்சை எடுத்தால் இன்னொரு குரலும் எழும். ரங்காரெட்டி மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்திலிருந்து எம்.வி. அறக்கட்டளை பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்துவருகிறது. அதை முன்னின்று நடத்திய சாந்தா சின்ஹா 2003-ல் மகசேசே விருது பெற்றவர். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவர். பள்ளியில் இல்லாத பிள்ளை எங்கே இருந்தாலும் அது குழந்தைத் தொழிலாளிதான் என்பது அவர்கள் கோட்பாடு. வயலிலோ வீட்டிலோ தறியிலோ, விலக்கு கிடையாது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு சந்து விட்டார்கள். அந்தச் சந்து வழியாக 1953 மெல்ல நுழைகிறது என்பது என் அச்சம்.

ஆகவே பட்டான்செருவின் பள்ளிகளில் தறி வைப்பதானால், முதலில் வைக்க வேண்டிய இடம் நெசவாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அன்று. பெல் (BHEL) நிறுவன டவுன்ஷிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வையுங்கள். இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலைய வளாகத்துக்குள் விஞ்ஞானிகளின் பிள்ளைகளுக்காக உருவான சர்வதேசப் பள்ளி இருக்கிறது. கரிசல், செம்மண் இரண்டும் ஒரே வேலிக்குள் உள்ள வளாகம் அது, அங்கே வையுங்கள். மருந்துக் கம்பெனி மேலாளர் மகனும் தொழிற்பேட்டைக் கூலிக்காரர் மகளும் ஒரே பாவில் கை வைக்கட்டும்.

மூன்று சென்டிமீட்டரில் ஐந்தரை மீட்டர்

என்ன சொல்லிக்கொடுப்பது? கொட்டை நீக்காத பருத்தியை ஆளுக்கு ஒரு சுளை கொடுங்கள். விதையிலிருந்து ஓர் இழையை இழுத்து ஸ்கேலில் வைத்து அளக்கட்டும். இந்தப் பக்கத்துப் பருத்தி மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மூன்று சென்டிமீட்டர் இழையிலிருந்து ஐந்தரை மீட்டர் சேலை எப்படி வருகிறது? பசை போட்டு ஒட்டவில்லை, முடிச்சும் போடவில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு பீரியட் ஓடிவிடும்.

விடை முறுக்கில் இருக்கிறது. முறுக்கினால் இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கின்றன. இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. நூலை எதிர்ப்பக்கம் திருகினால் பிரிந்து மறுபடி பஞ்சாகிவிடும். உராய்வு விசையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இதைச் செய்து பார்ப்பது மேல். விளக்குமாற்றுக் குச்சியும் களிமண் வில்லையும் இருந்தால் தக்ளி தயார்.

அடுத்து நம்பர். நெசவாளர்கள் ‘நாற்பதாம் நம்பர் நூல்’, ‘அறுபதாம் நம்பர் நூல்’ என்பார்கள். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பரில் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். முப்பது கிலோமீட்டருக்கு மேல். பட்டான்செருவில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் மறுமுனை ஹைதராபாத் நகருக்குள் வந்துவிடும். அரைக் கிலோவுக்கும் குறைவான நூல்! நம்பர் ஏற ஏற நூல் ஏன் மெலிகிறது? எதிர் விகிதம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

தறிக்கு வந்தால், 48 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 72 இழை என்றால் பாவில் 3,456 இழை. ஒவ்வொன்றும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் முறைப்படி நுழைய வேண்டும். ஒன்று தவறினால் துணியின் கடைசி முழம் வரை கோடாக ஓடிக் காட்டிக்கொடுக்கும். கணக்கு நோட்டில் தவறினால் சிவப்பு மையில் ஒரு சுழி. இங்கே தவறு கண்ணெதிரே நீண்டுகொண்டே போகிறது. திருத்த வேண்டுமானால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிள்ளைகளுக்குப் பொறுமை வர வேண்டும் என்பவர்கள் யோகா வகுப்பு வைப்பதற்கு முன் ஒரு பாவு கோத்துப் பார்க்கச் சொல்லலாம்.

ரிங் ரோட்டில் ஏறி நகரத்தைச் சுற்றிக் கிழக்கே போனால் போச்சம்பள்ளி. வினோபாவின் பூதான இயக்கம் 1951-ல் தொடங்கிய ஊர். நூலைத் தறியேற்றும் முன்பே இடம்விட்டு இடம் கட்டிச் சாயம் தோய்ப்பது அங்கத்து வேலை. கட்ட சைக்கிள் டியூப் ரப்பர். வரைபடத் தாளில் கட்டம் போட்டு, எந்த இழையில் எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நெய்யும்போதுதான் உருவம் தெரியும். கணக்குப் பிசகினால் சதுரம் கலைந்துவிடும்.

அந்த வேலைக்கு முன்கட்டமாக ‘ஆசு’ போடுவது என்று ஒன்று உண்டு. அரைவட்டமாக நட்ட முளைகளுக்கும் ஒற்றை முளைக்கும் நடுவே கையை முன்னும் பின்னுமாக ஓட்டி ஊடை நூலைச் சுற்ற வேண்டும். ஒரு சேலைக்குச் சுமார் 9,000 தடவை. ஆலேர் பக்கத்துச் சார்ஜிபேட்டையைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், தன் தாய் லட்சுமியின் தோள் இற்றுப்போவதைப் பார்த்து வளர்ந்தவர். சிறுவயதில் பள்ளியை விட்டவர். வருடக்கணக்கில் முட்டி மோதி 1999-ல் ‘லட்சுமி ஆசு இயந்திர’த்தை ஓடவைத்தார். ஐந்தாறு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாயிற்று. 2017-ல் பத்மஸ்ரீ, 2019-ல் அவர் கதை சினிமாவானது. நம்மூர் நூற்புக்கும் இப்படி ஒருவர் உண்டு. அம்பர் சர்க்காவை உருவாக்கியவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். ஜக்கார்டு தறியையும் துளையட்டையையும் சொல்லித்தான் கணினி வகுப்பைத் தொடங்குகிறார்கள். இதே மாநிலத்து மல்லேசத்தை யாரும் சொல்வதில்லை.

சாயத்துக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கலாம். கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய துணியை, இரும்புத் துண்டும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த நீரில் நனைத்தால் கறுப்பு. அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சள்பச்சையாக இருக்கும் துணி, காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகிறது. ஆக்சிஜனேற்றம் என்ற சொல் அதற்குப் பிறகு மறக்காது. ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும்; கம்பளி மயிர் பொசுங்கும் வாடை; பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். கம்பளிக்கு எங்கும் போக வேண்டாம். பழைய மேதக் மாவட்டத்தில் குருமா இடையர்கள் தக்காணச் செம்மறியின் கறுப்பு உரோமத்தில் கொங்கடிக் கம்பளி நெய்பவர்கள். பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி.

சாய வகுப்பு முடிந்ததும் மிச்சத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? பட்டான்செருவில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. தொழிற்பேட்டைக் கழிவு நக்கவாகு ஓடையைக் கெடுத்த வழக்கு 1990-ல் உச்ச நீதிமன்றப் படியேறியது. அங்கே காரணம் பெரும்பாலும் மருந்து, ரசாயன ஆலைகள். நம்மூர் நொய்யல் ஆறு கெட்டதற்குச் சாயப்பட்டறையே காரணம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது. துணியைப் பற்றிய பாடம் ஆற்றைத் தொடாமல் முடிந்தால் அது அரைப் பாடம்.

பையன்களும் ஊசியும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியை என்று ஒருவர் வெகுகாலம் இருந்தார். பெண் பிள்ளைகள் கைக்குட்டை ஓரம் அடித்துக்கொண்டிருக்க, பையன்கள் மைதானத்தில். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தினார்கள். மாதம் 5,000 ரூபாய். அந்தத் தொகையே பாடத்துக்கு அரசு போட்ட மதிப்பெண்.

ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1919-ல் ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய வால்டோர்ஃப் பள்ளி முறையில் ஒன்றாம் வகுப்பிலேயே பையனும் பெண்ணும் ஊசி பிடித்துப் பின்னுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் நான்கு ஊசியில் காலுறை. ஹைதராபாத்தில் 1997-ல் தொடங்கிய ஸ்லோகா பள்ளி அந்த வழியைச் சேர்ந்தது. குறை ஒன்றே: கட்டணம் கட்டக்கூடியவர்களுக்கான பள்ளிகள் இவை. பட்டான்செரு அமைந்துள்ள மாவட்டத்தின் மறுகோடியில், ஜகீராபாத் அருகே மாச்சனூரில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் ‘பச்சசாலெ’ இருக்கிறது; தலித் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பாடத்தோடு தையல், தச்சு, மண்பாண்டம் பழகும் இடம். பணக்காரப் பிள்ளைக்கு ஒரு பின்னல், ஏழைப் பிள்ளைக்கு ஒரு தையல். நடுவில் உள்ள லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. பின்லாந்து 1866-லேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. அங்கும் பெண்ணுக்குத் துணி, பையனுக்கு மரம் என்ற பிரிவினை நெடுநாள் இருந்து, 2016-ல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில்தான் முழுதாகப் பொதுவாயிற்று.

சொல்லிக்கொடுப்பது யார் என்பது கடைசிச் சிக்கல். உள்ளூர்க் கைவினைஞரைப் பயிற்றுநராக அமர்த்தலாம் என்கிறது கல்விக் கொள்கை. அமர்த்தினால் முறையான மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். ஆகஸ்ட் 7 கைத்தறி நாளன்று சால்வை போர்த்தி அனுப்புவது நியமனம் ஆகாது. நாற்பது நிமிட பீரியடிலும் இது நடக்காது. பாவு பூட்டவே ஒரு காலைப்பொழுது வேண்டும்.

பிள்ளைகள் நெய்ததை ஆண்டு விழாவில் விற்கலாமா என்றால், வேண்டாம் என்பேன்; வார்தா வழுக்கிய இடம் அது. விலையைப் பற்றிப் பேசலாம். ஒரு துண்டு நெய்யத் தனக்கு ஆன நேரத்தைப் பிள்ளை எழுதிவைக்கட்டும். வகுப்புக்கு வரும் நெசவாளருக்கு எவ்வளவு நேரம் ஆகும், அதற்குக் கூலி என்ன என்று அவரிடமே கேட்கட்டும். பிறகு கடைக்குப் போய் அதே துண்டின் விலைச்சீட்டைப் பார்த்து, அதில் நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, தறியில் உட்கார்ந்தவருக்கு மணிக்கு எவ்வளவு என்று வகுத்து, மாநிலக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதட்டும்.